வேளாங்கண்ணிக்குக் கிடைத்த லீவு

“நம்ம சூப்பர்வைசர் பொய் சொல்றாருக்கா!”

முதலிபாளையத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பனியன் கம்பெனி டெய்லர்களில் சின்னவள் சொன்னாள். தூத்துக்குடிப் பேச்சு. மூத்தவள் இந்தப் பக்கத்துக்காரி.

“என்னாச்சு கண்ணு?”

“எங்க வீட்டுக்காரர் துபாய் போகணும்னு எனக்கும் சேத்து பாஸ்போர்ட் எடுத்தார்லா. ஏஜென்ட் ஏமாத்திட்டான். ஒரு முத்திரைகூட விழாம பீரோல கெடக்கு. வேளாங்கண்ணிக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி, நாகப்பட்டினத்துல கப்பல் ஏத்தி, யாழ்ப்பாணத்தக் காட்டிட்டு வரலாம்னு இருக்கேன். அவருக்கே தெரியாது.”

“உங்கூட்டுக்காரரு பஸ்சுக்கே வாந்தி எடுப்பாருன்னியே!”

“எடுக்கட்டும். வெளிநாட்டுல எடுக்கட்டும்.”

“லீவு குடுத்தாங்களா?”

“வேளாங்கண்ணின்னதும் குடுத்தாரு. நான் சும்மா இருக்காம கப்பல் கதையச் சொல்லிட்டேன். ‘உனக்கெல்லாம் வெளிநாடா? ஷிப்மென்ட் இருக்கு, லீவு கெடையாது’ங்காரு.”

“உட்ரு கண்ணு. அடுத்த வருசம் போலாம்.”

“அடுத்த வருசம் பாஸ்போர்ட்டே செல்லாதுக்கா. மாதா கோயிலுக்குப் போனா இல்லாத ஷிப்மென்ட், கப்பல்ல போனா மட்டும் எங்கருந்து வந்துச்சு? நாளைக்கு மிஷின நிறுத்திட்டுக் கேப்பேன். லைன்ல இருக்க அத்தன பேருக்கும் கேக்குற மாதிரி அவரு பதில் சொல்லட்டும்!”