இன்னொரு கைப்பட்டை

விடியக்காலை நாலு மணி இருக்கும்... ஆஸ்பத்திரி ரோட்டுல ஈ காக்கா இல்ல. என் சிநேகிதனோட அண்ணியை வலியோட அந்த வழியாத்தான் காருல கொண்டுபோனாங்க. விடிஞ்சதும் பொண்ணு பிறந்துச்சு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு வந்த பிள்ளை, கேக்கணுமா? மாமியார் தூக்கினாக்கூட அண்ணிக்கு முகம் சுருங்கிடும்.

அங்க பிள்ளை மாறிடக் கூடாதுன்னு குழந்தை கால்ல ஒரு சின்ன எலக்ட்ரானிக் டேக் கட்டுவாங்க. அம்மா கையில ஒரு பட்டை. பட்டை பக்கத்துல வந்தா டேகைப் படிச்சு பச்சை விளக்கு காட்டும். வேற பட்டை எதாவது அந்த டேகைப் படிச்சா, சுவத்துல இருக்கிற பெட்டி கண்டுபிடிச்சுக் கத்தும். கீச்... கீச்...

மறுநாள் மத்தியானம் பெட்டி கத்துச்சு. அண்ணி குளியலறையிலேர்ந்து ஈரக் கையோட ஓடி வந்தாங்க. ரூம்ல யாரும் இல்ல. பிள்ளை தூங்குது... கடவாயில பால். பச்சைப் பால் வாசனை.

அண்ணி பால் குடுத்து ரொம்ப நேரம் ஆச்சே!

அதுக்கப்புறம் பிள்ளை அவங்ககிட்ட குடிக்கவே இல்ல. மூஞ்சியைத் திருப்பிக்கும். வயிறு மட்டும் திம்முனு இருக்கும். அண்ணிக்கு வயிறெரிஞ்சுது. நர்ஸைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"என் பிள்ளைக்குப் பால் குடுக்க நீ யாருடி?"

"ஐயோ, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைம்மா!"

டெக்னீஷியன் வந்து பெட்டியைக் கழட்டிப் பார்த்தாரு. "இது சரியாத்தான் இருக்கு. வேற ஒரு அம்மாவோட பட்டைதான் படிக்குது... போன மாசமே நிறுத்தின பட்டை."

நர்ஸ் கட்டிலைக் காட்டினாங்க. "இதே கட்டில்தாம்மா... தாயும் பிள்ளையும் தங்கல. பட்டையைக் கழட்ட மறந்து... அப்படியே அடக்கம் பண்ணிட்டாங்க."

கீச்... கீச்...

அண்ணிக்குப் பயம் வரல, அதான் ஆச்சரியம். ஆத்திரம்தான் வந்துச்சு. பிள்ளையை நெஞ்சோட அள்ளிக்கிட்டு, காலியா கிடந்த நாற்காலியைப் பார்த்துக் கத்தினாங்க. "நான் பெத்தது இது! உனக்கு இதுல என்னடி பாத்தியதை?"

பெட்டி சட்டுனு அடங்கிடுச்சு.

அன்னிக்கே டேகை வெட்டிப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. அப்புறம் ஒண்ணும் இல்ல. பிள்ளை அண்ணிகிட்டயே குடிச்சுது. ஜெயிச்சுட்டோம்னு அவங்களுக்குப் பெருமை தாங்கல. வேற யாரையும் தொட விடல.

ஒரு நாள் காலையில, பிள்ளை கன்னத்தைப் பிறாண்டிக்குதேன்னு நகவெட்டியோட வந்து உக்காந்தாங்க. மூடியிருந்த விரலை ஒவ்வொண்ணா விரிச்சாங்க...

நகமெல்லாம் ஏற்கெனவே எடுத்தாச்சு. வெட்டினது இல்ல... பல்லால, பக்குவமா, கடிச்சு எடுத்தது. விரல் நுனியில இன்னும் எச்சில் காயல.