உள்ளுக்கும் ரெண்டு கோட்டு

– இதைத்தான் நாலு நாளா கழட்டி மாட்டுனீயளா? போன்ல சொன்னப்போ தையல் மிசின் போர்டுன்னுல்லா நெனச்சேன்.

– இல்லீங்க சகாயண்ணா, கிட்டார் பெடலுங்க. மோனிஷாவோடது. கிட்டார் ஒயர் இதுக்குள்ள வந்துதான் ஸ்பீக்கருக்குப் போகும். கால்ல ஒரு மிதி மிதிச்சா சத்தமே மாறிப்போகும். காலேஜுல ஆயிரம் பேருக்கு முன்னால மிதிச்சவ என்ற சம்சாரம். இப்ப நா மிதிச்சா லைட்டுகூட எரியல, மூச்சே உடமாட்டேங்குது.

– கலரு நல்லாருக்கே தம்பி, மயில் கழுத்து கணக்கா. யாரு அடிச்சா?

– நாந்தானுங்ணா. கறுப்புப் பெயிண்ட்டு சொரி புடிச்சாப்ல உரிஞ்சு கெடந்துச்சு. ஒவ்வொரு ஸ்குரூவையும் பட்டன் கவர்ல போட்டு நெம்பர் எழுதுனேன். ஒவ்வொரு ஒயருக்கும் போட்டோ புடிச்சு வெச்சேன். வெறும் பொட்டியை அனுப்பர்பாளையத்துல குண்டா பாலிஷ் போடற பட்டறைக்குக் கொண்டு போனா, அந்த மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இதுல எத்தனை பேருக்குச் சோறு வேகும்னு கேக்கறாரு. அப்பறம் நம்ம யூனிட்டுலயே கலர் அடிச்சு, பனியன் பிரிண்ட்டு காயவெக்கற மெஷின்ல உட்டு எடுத்தேன். மேல இருக்கற வெள்ளைப் பூ, ஸ்கிரீன் போட்டு அடிச்சதுங்க. அந்த ஒரு பூவுக்கு ஒம்பது சாம்பிள்.

– சரக்கு எடுக்குத பையருக்குக்கூட நீரு மூணுக்கு மேல அடிக்க மாட்டீரே.

– பையர் கோவிச்சுக்கிட்டா வேற பையருங்ணா.

– அதுஞ்செரி. இருங்க, மூடியைத் தொறந்து பாப்போம். அட, என்ன தம்பி இது? உள்ளயும் பெயிண்ட்டு அடிச்சு வச்சிருக்கீய?

– எக்ஸ்போர்ட் பீஸுன்னா உள்பக்கம் திருப்பித்தானுங்ணா மொதல்ல பாப்பாங்க. அதனால உள்ளுக்கும் ரெண்டு கோட்டு அடிச்சுப்போட்டேன். குத்தமுங்களா?

– குத்தந்தான். ஒயர் சொருகுத இடத்துல தகடு வெறுந்தகடா இருக்கணும். அப்பத்தான் எர்த்து கிடைக்கும். திருப்பூர்க்காரன் புத்தி உம்ம விட்டு எங்கன போகும். சரி, சுரண்டிப் பாக்கேன். இம்புட்டுப் பாடு படுததுக்கு, ஒரு புதுசு வாங்கிக் குடுத்திருக்கலாமுல்லா?

– புதுசு வாங்கற காரியம் இல்லீங்ணா. நா பண்ணுன பாவம் இந்தப் பொட்டியிலதான் இருக்குது.

– என்ன பாவம்?

– நாலு வருசமாச்சு. ஒரு லோடு பீஸ் பூராத்தையும் பிரிண்ட்டு உரியுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நா வெந்து போய் ஊட்டுக்கு வர்றேன், மேல் ரூம்புல இவ வாசிச்சுட்டிருக்கா. பாப்பா பொறந்து மூணு மாசங்கூட ஆகல, அன்னைக்குத்தான் ஆசையா எடுத்திருக்கா. நா வாசப்படியில நின்னுட்டு, அந்த எழவை நிறுத்து, எனக்கு மெஷின் சத்தமே போதும்னு கத்திப்போட்டேன். கீழ யூனிட்டுல இருந்த ஆளுங்க வரைக்கும் கேட்டுச்சு. மக்யாநாளு விடிஞ்சதும் அவ கிட்டாரைக் கொண்டுபோய், எம்ப்ராய்டரி போடற தபஸ்ஸும் அக்கா ஊட்டுல குடுத்துட்டா. இந்தப் பொட்டியைக் கொஞ்ச நாள் கழிச்சு ஷோகேஸுல வெச்சா. அவ்வளவுதான், அப்பறம் வாசிக்கவே இல்ல.

– நீரு மன்னிப்பு கேக்கலியா?

– கேட்டேனுங்க, ஒரு வருசம் கழிச்சு. அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சுங்கன்னு சொல்லிட்டு இட்லிக்கு மாவு ஆட்டப் போயிட்டா. ஆனா அவ ஊட்டுல இல்லாதப்ப நா இதைக் கையில எடுத்து எடுத்துப் பாப்பேன். போன வாரம் பாப்பா கேக்கறா, அப்பா இது என்ன, அம்மாவுக்கு இது வாசிக்கத் தெரியுமான்னு. போட்டது போட்டபடி யூனிட்டுக்கு ஓடிட்டேனுங்ணா. ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குப் பொறந்த நாளு. அன்னைக்கு இதை அவ கையில குடுத்து வாசிக்கச் சொல்லோணும். தபஸ்ஸும் அக்காகிட்ட கிட்டாரை அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இரவல் கேட்டேன். தர்றேன்னாங்க. ஆனா கேட்டுட்டு ஒரே சிரிப்பு, எதுக்குன்னுதான் தெரியல.

– மோனிஷா தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாதா?

– தெரியாதுங்க. பாப்பா ஒடைச்சுப்போட்டா, ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அதுக்கே அவ மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. எந்தக் கடையிலன்னு மூணு தடவை கேட்டா. இன்னைக்குப் புதன்கிழமை, அவ தபஸ்ஸும் அக்கா ஊட்டுல இருப்பா. புதனுக்குப் புதன் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போயிருவா. எம்ப்ராய்டரி கத்துக்கறாளாமா. அந்த பாக்ஸுல என்ன செஞ்சு கொண்டு போறாளோ, எனக்கு ஒரு வாய் மிச்சம் வந்ததில்ல.

– ம். சுரண்டியாச்சு. அங்கன தொங்குதுல்லா, என் சர்ச் கிட்டாரு, அதை எடுங்க. ஒயரைச் சொருகுங்க. மிதிங்க.

– ஒண்ணுமில்லீங்களே.

– இன்னொரு தடவை. ம்ஹும். இருங்க, போர்டைப் பாக்கேன். அந்த லைட்டை இப்படித் திருப்புங்க. ஏ தம்பி.

– என்னுங்ணா?

– இது கிட்டார் போர்டே இல்ல. பழைய தையல் மிசின் போர்டை அளவா வெட்டி வச்சது. ஒரு ஒயருகூட எங்கயும் சேரல.

– எனக்கென்னங்ணா தெரியும்? நா இருந்தது இருந்தபடிதான் மாட்டுனேன். போட்டோ இருக்குது பாருங்க.

– உம்மைச் சொல்லல. இந்த சோல்டரிங் என் கை. இப்பத்தான் ஞாபகம் வருது. கறுப்புப் பெட்டி. தபஸ்ஸும் அக்கா கொண்டாந்தாவ. உள்ள கெடக்குத போர்டை எடுத்துரு, கனத்துக்கு வேற ஏதாச்சும் வச்சு மூடுன்னாவ. யாரு சாமானுன்னு நான் கேக்கல.

– எடுத்த போர்டு எங்கீங்க?

– அதைக் கேக்காதீய. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கியிருக்காவ.

– சொல்லவே வேண்டாமுங்ணா. தூக்கிப் போட்டுட்டா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. திரும்ப ஆசையே வரக்கூடாதுன்னு உசுரைப் புடுங்கிப் போட்டுட்டு, வெறும் பொணத்தை ஷோகேஸுல வெச்சிருக்கா. நா ஒரு கேணையன், பொணத்துக்கு மயில் கலர் அடிச்சிருக்கேன். மூடுங்ணா. ஞாயித்துக்கிழமையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

– வாசல்ல வண்டி நிக்குது பாருங்க. தங்கச்சில்லா வருது.

– ஏனுங்க, இங்கயா இருக்கீங்க? ஞாயித்துக்கிழமைக்குக் கிட்டார் கேட்டீங்கன்னு தபஸ்ஸும் அக்கா இப்பத்தான் சொன்னாங்க, நானும் கடை கடையா விசாரிச்சுட்டு வர்றேன். கடைசியில சகாயண்ணன்கிட்டயே கொண்டாந்துட்டீங்களா? அது என்னங்க கையில? நம்ம பொட்டியா அது? யாருங்க இந்தப் பூவைப் போட்டது?

– நாந்தான் மோனி. பாக்காத. உள்ள ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. நீ தூக்கிப் போட்டது ஞாயந்தான். அன்னைக்கு வாசப்படியில நின்னு நா பேசுன பேச்சுக்கு…

– கனத்துக்கு ஏதாச்சும் வெக்கச் சொன்னது நாந்தானுங்க. நா இல்லாதப்ப நீங்க அதை எடுத்து எடுத்துப் பாப்பீங்கன்னு எனக்குத் தெரியும். லேசா இருந்தா கண்டுபுடிச்சிருவீங்க.

– கண்டுபுடிச்சா என்ன பண்ணியிருப்பேன்?

– மறுக்கா மன்னிப்புக் கேப்பீங்க. ஊடு பூரா கூட்டி உக்கார வெச்சு, வாசி வாசின்னு சொல்லுவீங்க. அன்னைக்கு எனக்கு அது வேண்டாமுன்னு இருந்துச்சுங்க. யாருக்கும் தெரியாம, எனக்கே எனக்குன்னு ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. பூ நல்லாருக்குங்க. நெசமாத்தான் சொல்றேன். அழுகாதீங்க, அண்ணன் பாக்கறாரு. இந்தாங்க, டிபன் பாக்ஸைத் தொறங்க.

– எனக்குப் பசிக்கல அம்மிணி.

– அதுல சோறில்லீங்க, அந்த போர்டை இதுக்குள்ளதான் மாட்டியிருக்குது. நாலு வருசமா புதனுக்குப் புதன் நா அதுலதான் வாசிச்சுட்டிருக்கேன். எடுத்து உங்க பொட்டியில மாட்டச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்குது.