சங்கு ஊதியாச்சு, தெரசா

பெருமைக்குரிய தலைவர், எங்களை அன்று பிரம்பால் திருத்தி, இன்று படிப்பகத்தால் திருத்திவரும் ஐயா செங்கல்வராயன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகள் வரும் வழிபார்த்து விழி பூத்திருக்கும் தாய்மார்களே! டாங்கித் தொழிற்சாலையில் என்னோடு இரும்பைக் கடையும் தோழர்களே! திருமுல்லைவாயில் குவார்ட்டர்ஸின் டர்னர் ராயப்பனின் வணக்கம்.

'வில்சனின் அமைதித் திட்டமும் முதல் உலகப்போரின் முடிவும்' என்று எனக்குத் தலைப்பைத் தந்துவிட்டார்கள். இன்று நவம்பர் பதினொன்று அல்லவா! எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்தான் அந்தப் போர் ஓய்ந்தது.

பீரங்கிகள் முழங்கிய காலத்தில் பேனாவைப் பேசவைத்தார் அமெரிக்க ஜனாதிபதி வில்சன். பதினான்கு அம்சங்களை அடுக்கினார். ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆனால் ஒன்பதே மாதத்தில், துவண்டுபோன ஜெர்மனி எதைப் பற்றிக்கொண்டு சமாதானம் கேட்டது? அந்தப் பதினான்கு அம்சங்களை! வாள் வணங்கியது, வார்த்தை வென்றது! கைதட்டாதீர்கள் தோழர்களே, நான் இன்னும் முடிக்கவில்லை.

"போர் நின்னுச்சா இல்லியா, அத்தச் சொல்லு அண்ணாத்தே!"

நின்றது, தம்பி வேம்புலி. எப்படி நின்றது? விடியற்காலையில் கையெழுத்து. பகல் பதினொரு மணிக்குப் போர்நிறுத்தம். இடையில்? இடையில் சுட்டார்கள்! முடிந்துவிட்டது என்று தெரிந்தும் சுட்டார்கள்! அந்த ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கையெழுத்துக்குப் பிறகு செத்தவன் பதினான்கில் எந்த அம்சத்தில் வருவான்?

நமக்கு இது புரியாது. ஆலைச் சங்கு ஊதினால் நாம் சுவிட்சை அணைக்கிறோம், சுழலும் இரும்பு நின்றுவிடுகிறது. அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

என் மகன் பாஸ்கல் அமைதிப்படையில் இலங்கைக்குப் போனான். உயிரோடு திரும்பினால் வேளாங்கண்ணியில் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். போன வருடம், சண்டை நிறுத்தம் என்று வானொலி சொன்னது. உடனே புறப்படு என்றேன். என் மனைவி தெரசா அசையவில்லை.

"புள்ள ஊட்டுக்கு வரட்டும்யா. அப்பால போவலாம்."

"சங்கு ஊதியாச்சு, தெரசா. இன்னும் இன்னா பயம்?"

இழுத்துக்கொண்டு போனேன். மொட்டையோடு திரும்பினேன். வாசலில் தந்திக்காரர் நின்றிருந்தார். கண்ணிவெடி. புதைத்தவனே மறந்துபோன கண்ணிவெடி!

பெட்டி வந்தது. ஊர் திரண்டது. மகனுக்காக மழித்துக்கொண்டானே தகப்பன் என்று என் தலையைப் பார்த்து அழுதார்கள். ஐயோ, அது துக்கத்துக்குப் போட்ட மொட்டையா? அவன் பிழைத்துவிட்டான் என்று போட்ட மொட்டை! தெரசா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சற்றுமுன் இந்த மேடையேறும்போது தாயம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள எல்லையில கீறான். சமாதானம் பேசறாங்களாமே, வந்துடுவானா அண்ணே?"

தலைவர்கள் திட்டம் தீட்டட்டும் தாயே! தீட்டாவிட்டால் இன்னும் எத்தனையோ பாஸ்கல்கள் சாவார்கள். ஆனால் எந்தத் தலைவரின் கையெழுத்தையும் கண்ணிவெடிக்குப் படிக்கத் தெரியாது. உன் பிள்ளை வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை வேண்டுதலை முடித்துவிடாதே! யார் சொன்னாலும் முடித்துவிடாதே!

நம்பிக்கையாய் நாலு வார்த்தை பேசத்தான் அழைத்தீர்கள். என்னிடம் அது இல்லை. இருந்ததைப் பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. கடைசி வரிசையில் தெரசா உட்கார்ந்திருக்கிறாள். இந்த வணக்கம் அவளுக்கு.