அனுபவசாலிக்கு ஏற்ற பாம்பு

மேசையைத் தட்டாதீர்கள் மேடம். இரையெடுத்த பாம்புகளுக்கு அதிர்வு ஆகாது. கலவரப்பட்டால் விழுங்கியதைக் கக்கிவிடும், அப்புறம் நான்தான் குனிந்து துடைக்க வேண்டும். உட்காருங்கள். போலீஸ் தொப்பியை இப்படி வையுங்கள். காப்பி இப்போதுதான் போட்டது, டோனட் நேற்று வாங்கியது.

வெண்டலைக் கடித்த பாம்பின் பெயர் என்ன என்று கேட்கிறீர்கள். அவன் டேட்டனில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ரத்தம் உறைய மாட்டேன் என்கிறது, பெயர் தெரிந்தால்தான் மாற்று மருந்து தேட முடியும். நன்றாகப் புரிகிறது. அவன் மனைவி ராமோனா, அந்தப் பாம்பு வீட்டில் இருந்தால் நான் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்றாள். காலையில் நான்தான் போய் எடுத்துவந்தேன். இந்த அறையில்தான் இருக்கிறது. இத்தனை பெட்டிகளில் எது என்று தெரியாமல் நீங்கள் திறந்து பார்ப்பது உசிதமில்லை. ஒன்றிரண்டுக்குக் குணம் சரியில்லை. போனில் படம் எடுத்து அனுப்புகிறேன் என்கிறீர்கள், எடுங்கள். அது இந்நேரம் மரப்பட்டைக்கு அடியில் சுருண்டிருக்கும். கொலம்பஸிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார் என்றீர்கள். இந்தப் பனியில் அவர் காரை உருட்டிக்கொண்டு வந்து சேரட்டும். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும், நான் அப்படித்தான் பழகியவன்.

இந்த வட்டாரத்துப் பாம்புக் கிளப்பில் யாராவது புதிதாக ஒன்று வாங்க நினைத்தால், "நார்பர்ட் ஹௌக்கைக் கேளு" என்பார்கள். அந்த ஹௌக் நான்தான். ஆளைப் பார்த்துப் பாம்பைச் சொல்வேன். பொறுமை இல்லாதவனுக்கு ஒன்று, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒன்று. இதுவரை ஒருவரும் என் தேர்வில் குறை சொன்னதில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாம்பு கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் அதன் பல் ஒடியும், வாய் புண்ணாகும். அதுவாக விடும்வரை சும்மா இருக்க வேண்டும். எல்லோரும் இதைச் சொல்வார்கள், கடி விழுந்ததும் இழுத்துவிடுவார்கள். வெண்டல் இழுக்கவே மாட்டான். ஒரு கிளப் பிக்னிக்கில் விஷமில்லாத சோளப் பாம்பு ஒன்று அவன் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது. அவன் மறு கையால் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தான்.

"டேய், பிடுங்குடா, ரத்தம் சொட்டுது" என்று யாரோ கத்தினார்கள்.

"சொட்டட்டுமே. எனக்கு மறுபடி ஊறிடும். அதுக்கு வாய் புண்ணானா யாரு மருந்து போடுறது, உங்கப்பனா? அந்தக் கடுகுச் சாஸை இப்படித் தள்ளு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

என்னிடம் மேபெல் என்று ஒரு போவா இருந்தது. மலைப்பாம்புக்குச் சொந்தம், தெரிந்திருக்கும். என் மனைவி போன பிறகு, நான் உள்ளே வந்தால் தலை தூக்கிப் பார்த்த ஒரே உயிர் அதுதான். போன வருடம் அதற்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. கூரையையே பார்த்தபடி கிடந்தது, புரட்டிப் போட்டால் திரும்பத் தெரியவில்லை. அது ஒரு தொற்று. மருந்து கிடையாது. ஒரு பாம்பைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொட்டால் போதும். நான் அழுதேன் மேடம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மேபெலைத் தொட்டுத் தூக்கியவர்கள் இருவர். நான் ஒருவன், வெண்டல் இன்னொருவன். எடுத்த எடுப்பில் அவனைச் சந்தேகப்பட நான் அப்படிப்பட்டவன் இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான். மேபெல் பேச்சை எடுத்தால் அவன் டிவியில் பார்த்த கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசினான். என் கண்ணைப் பார்க்கவில்லை. ஒருநாள் ராமோனா செய்த செர்ரி கேக்கைக் கொண்டுவந்தான். நான் தட்டு எடுக்கப் போய்த் திரும்பினால் ஆளைக் காணோம். இந்த அறையிலிருந்து வெளியே வருகிறான், எதையோ கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு.

"உள்ள என்னடா பண்ற?"

"ஒண்ணுமில்லப்பா, சும்மா எட்டிப் பாத்தேன்."

சும்மா எட்டிப் பார்த்தவனுக்கு முகம் ஏன் சிவக்க வேண்டும்? குற்றமில்லாதவன் எதற்குக் கேக் கொண்டுவருகிறான்? நீங்கள் போலீஸ், நீங்களே சொல்லுங்கள். நான் அந்தக் கேக்கை அப்படியே குப்பையில் கொட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அவனாக வந்து கேட்டான். நான் தேடிப் போகவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"மலைப்பாம்பு போதும்டா நார்ப், தூக்கித் தூக்கி இடுப்பு ஒடியுது. சின்னதா, சுறுசுறுப்பா, பகல்ல நடமாடுற மாதிரி ஒண்ணு சொல்லு. கத்துக்குட்டிங்க வாங்குறது வேணாம், நம்ம மாதிரி ஆளுங்க வளக்குறதா இருக்கணும்."

நான் நியாயமாகத்தான் யோசித்தேன். பால் பாம்பு அழகு, ஆனால் பகலெல்லாம் ஒளிந்து கிடக்கும். பச்சை மரப்பாம்பு கிளையில் ஏறினால் அங்கேயேதான். சோளப் பாம்பு கத்துக்குட்டிகளுடையது. என்னிடம் ஒன்று இருந்தது. ஒரு பாம்புச் சந்தையில், அது என்னவென்றே தெரியாதவனிடமிருந்து மாற்றிக்கொண்டது. இலைப்பச்சை நிறம், சாதுவான சுபாவம், பகலில் மீன் தின்னும். அவன் கேட்டதற்கெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. வேறு யார் கேட்டிருந்தாலும் இதையே கொடுத்திருப்பேன். இல்லை, வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன்.

"இது சூடா?" என்று கேட்டான். விஷப் பாம்பை நாங்கள் சூடு என்போம்.

"முன்னாடி விஷப்பல்லே கிடையாதுடா. நம்ம கார்ட்டர் பாம்புக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

கார்ட்டர் பாம்பு உங்கள் வீட்டுப் புல்தரையிலும் இருக்கும், பிள்ளைகள் பிடித்து விளையாடுவார்கள். நான் சொன்ன இரண்டும் உண்மை. எந்த நிபுணரையும் கேட்டுப் பாருங்கள். வாயின் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அங்கே இரண்டு பெரிய பற்கள். வெறுமனே கவ்வினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விடாமல் மென்றால்தான் விஷம் கசிந்து இறங்கும். கத்துக்குட்டி கையை வெடுக்கென்று இழுத்துப் பிழைத்துக்கொள்வான். அதனால்தான் அது அனுபவசாலிக்கு ஏற்ற பாம்பு.

வெண்டல் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்தான். தினமும் போனில் அதைப் பற்றியே பேசினான். போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"நார்ப், உன் கார்ட்டர் தம்பி என்னைப் பிடிச்சிட்டாருடா" என்று சிரித்தான். "கையில மீன் வாசனை போல. மென்னுகிட்டே இருக்கான், விடமாட்டேங்குறான்."

பின்னால் ராமோனாவின் குரல் கேட்டது. "ஐயோ, பிடுங்கி எறிங்களேன். கையை அதுக்கு விருந்து வச்சுட்டுப் போன்ல என்ன அரட்டை?"

"இழுக்காதே. அவனா விடட்டும்" என்றேன்.

"அதானே. நானும் அதைத்தான் இவகிட்டச் சொல்றேன், கேக்க மாட்டேங்குறா."

அது விடும்வரை நாங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல ஆட்டம்.

மறுநாள் தலைவலி என்றான். அப்புறம் பல் ஈறில் ரத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் என்ன பாம்பு என்று கேட்டதற்கு, கார்ட்டர் பாம்புக்குத் தம்பி என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் பாம்பை விட்டுவிட்டு வேறு வியாதி தேட ஆரம்பித்தார்கள். என்னையும் கேட்டார்கள். அவன் சொன்னது சரிதான் என்றேன்.

இன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் ராமோனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் நார்ப். மேபெல் போனதுலேருந்து அவரு சரியாத் தூங்கல. கேக் கொடுத்துவிட்டேனே, அன்னைக்கு, மேபெலுக்குத் துணைக்குன்னு நீங்க வாங்கின புது ஆண் போவாவோட வாயில பஞ்சு விட்டு எடுத்துட்டு வந்து, பரிசோதனைக்கு அனுப்பினாரு. வியாதி அதுகிட்டேருந்துதான் வந்திருக்கு. தனியா வச்சுப் பாக்காம மேபெல் கூட விட்டுட்டீங்களாம். சொன்னா நார்ப் நொறுங்கிப் போயிடுவான்னு மனசுலயே வச்சுக்கிட்டாரு. உங்களைப் பாத்தா வாயில வந்துடுமோன்னு பயந்து, பேச்சையே மாத்திடுவேன்னு சொல்லுவாரு."

நீங்கள் எதற்குக் குரலை உயர்த்துகிறீர்கள்? ஆமாம், அப்போதே பெயரைச் சொல்லியிருக்கலாம். டாக்டர் பத்தடி தள்ளித்தான் நின்றார். நான் காருக்குப் போய் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். என்னைக் கேட்காமல் என் அறைக்குள் போயிருக்கிறான். என் பாம்பின் வாய்க்குள் பஞ்சை விட்டிருக்கிறான். தெரிந்த உண்மையை என்னிடம் மறைத்து, பழி தன் தலையில் விழும்படி நடந்துகொண்டான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. யோசிக்க யோசிக்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு போய்ப் பாம்பை எடுத்து வந்தேன்.

உங்கள் போன் அடிக்கிறது. எடுத்துப் பேசுங்கள், எனக்கு அவசரமில்லை.

சரி. வெண்டல் போய்விட்டான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நின்றுகொண்டே இருக்காதீர்கள், உட்காருங்கள். இப்போது எழுதிக்கொள்ளலாம். சிவப்புக் கழுத்துக் கீல்பேக் என்று பெயர். ஜன்னலுக்குக் கீழே, கடைசிப் பெட்டி. இதற்கு வேலை செய்கிற மருந்து ஜப்பானில் இருக்கிறது. முதல் நாளே பெயரைச் சொல்லியிருந்தால் விமானத்தில் வரவழைத்திருப்பார்கள். தெரிந்துதான் சொல்லவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ராமோனாவிடம் மட்டும் நீங்கள் போய் இதையெல்லாம் சொல்ல வேண்டாம் மேடம். நானே வந்து சொல்கிறேன். இந்த மாதிரி நேரத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல நண்பன் இருக்க வேண்டும்.