ஓயாத டிரையர்

அண்ணி: ...சுத்துது தம்பி, சுத்தாம இல்ல. சூடுதான் வரல. எவ்வளவு நேரம் ஓடினாலும் துணி போட்ட மாதிரியே சொதசொதன்னு இருக்கு.

கொழுந்தன்: முதல்ல ப்ளக்கைப் பிடுங்குங்க அண்ணி. ம்... அந்தப் பக்கம் பிடிங்க. செவுத்தை விட்டு முன்னாடி இழுப்போம்.

அண்ணி: மெதுவா... மெதுவா. உங்க அண்ணன் எழுந்துருவாரு.

கொழுந்தன்: பட்டப்பகல்ல தூக்கமா? கொடுத்து வெச்சவரு.

அண்ணி: ராத்திரி சரியாத் தூங்கல... அதான்.

கொழுந்தன்: அட, இங்க பாருங்க. காத்து வெளிய போற குழாய் நசுங்கிக் கிடக்கு. உள்ள பூரா பஞ்சு. ஒரு தலையணையே தைக்கலாம்.

அண்ணி: வேணாம், உங்க பொண்டாட்டிக்குக் குடுங்க. உங்க குறட்டைக்குக் காதுல அடைச்சுக்கட்டும்.

கொழுந்தன்: சிரிக்காதீங்க. சூடு வெளிய போக வழியில்லாம சூட்டுக்கான ஃபியூஸ் மட்டும் போயிருக்கு. அது போனதே நல்லதாப் போச்சு. இல்லேன்னா இந்தப் பஞ்சு பத்திக்கிட்டிருக்கும். ஃபில்டரைக் கழுவுறீங்களா?

அண்ணி: தினமும் பஞ்சை வழிச்சுப் போடுறேனே...

கொழுந்தன்: வழிச்சாப் போதாது. பாருங்க, தண்ணி ஊத்துனா வலைக்கு மேலயே நிக்குது. வாசனைக்குன்னு துணியில ஊத்துறீங்களே, அது படிஞ்சு அடைச்சிருக்கு. சோப்பு போட்டு பிரஷ்ஷால தேய்ங்க.

அண்ணி: குடுங்க, தேய்க்கிறேன்.

கொழுந்தன்: ஆமா... இருக்கிறது ரெண்டே பேரு. குழாயைப் போன கோடையிலதான் சுத்தம் பண்ணிக் குடுத்தேன். அதுக்குள்ள இத்தனை பஞ்சா?

அண்ணி: துண்டு, போர்வைன்னு... சேருதுல்ல.

கொழுந்தன்: லாட்ஜ் மெஷின் கூட இப்படி உழைக்காது. உள்ள என்ன கிடக்கு... எல்லாமே மெத்தை விரிப்பு. இந்தக் கூடையிலயும்...

அண்ணி: அதைத் தொடாதீங்க! அது இன்னும் துவைக்கல.

கொழுந்தன்: அண்ணி...

அண்ணி: இந்தாங்க, ஸ்க்ரூ டிரைவர். பின்பக்கத் தகட்டைக் கழட்டணும்ல.

கொழுந்தன்: அண்ணன் படுக்கையிலேயே போயிடுறாரா?

அண்ணி: ...சத்தமாப் பேசாதீங்க. ஒரு விரிப்பை மாத்தி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது நனைஞ்சிருது. இந்த மெஷினும் நானும் ஓயாம ஓடினோம். அது முதல்ல உக்காந்துருச்சு.

கொழுந்தன்: ஃபோன்ல கேட்டப்பல்லாம் நல்லா இருக்காருன்னு...

அண்ணி: வேற என்ன சொல்லச் சொல்றீங்க? நேத்து என்னைப் பார்த்து, "நேரமாச்சு, நீங்க உங்க வீட்டுக்குப் போங்கம்மா"ன்னாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து வாடி போடின்னவரு... எவ்வளவு மரியாதை!

கொழுந்தன்: அப்பாவும் கடைசியில இப்படித்தான்... என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

அண்ணி: நீங்க எட்டிப் பார்த்தீங்களா? எத்தனை மாசமாச்சு? அண்ணனைப் பாக்க வாங்கன்னா ஆயிரம் சாக்கு. மெஷின் கெட்டுப்போச்சுன்னதும் வந்து நிக்கிறீங்க... சரி விடுங்க. ஏதோ வாய்ல வந்துருச்சு.

கொழுந்தன்: என் பையில வாங்கிட்டு வந்த புது ஃபியூஸ் இருக்கு, எடுங்க. ரெண்டே வயர். நீங்களே மாட்டுங்க.

அண்ணி: நானா? ஷாக் அடிச்சுட்டா?

கொழுந்தன்: ப்ளக்கை நீங்கதான பிடுங்குனீங்க! ம்... இன்னும் அழுத்தி. அவ்வளவுதான். தகட்டை மூடிட்டு, குழாய் நசுங்காமத் தள்ளுவோம். இப்பப் போடுங்க.

அண்ணி: சூடு வருது தம்பி!

கொழுந்தன்: மாசா மாசம் ஃபில்டரைக் கழுவுங்க. அப்பப்ப குழாயைக் கழட்டி உதறுங்க. மறந்துராதீங்க.

அண்ணி: அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.

கொழுந்தன்: எதுக்கும் எழுதி வெச்சுக்குங்க அண்ணி.

அண்ணி: கையைக் கழுவிட்டு வாங்க. அவரை ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க.

கொழுந்தன்: இன்னொரு நாள் வரேன் அண்ணி.

அண்ணி: கூடப் பொறந்தவரு தம்பி. வாசப்படியில நின்னாவது...

கொழுந்தன்: முடியாது அண்ணி. என்னை விட்டுருங்க.

அண்ணி: ஏன், நாத்தமடிக்கும்னு பயமா? இல்ல, உங்களையும் யாருன்னு கேட்டுருவாருன்னா?

கொழுந்தன்: அங்க படுத்திருக்கிறது நானாத்தான் தெரியும் அண்ணி. டாக்டர் சொல்லிட்டாரு... எனக்கும் ஆரம்பிச்சிருச்சு. இன்னிக்கு உங்க தெருவுக்கே வழி கேட்டுக் கேட்டுத்தான் வந்து சேர்ந்தேன்.