பூனைகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை

ஊருக்குப் போகும்போது பூனையை எங்கே விடுவது என்று யார் கேட்டாலும் நான் ஒன்றுதான் சொல்வேன். வீட்டிலேயே விடுங்கள். காசு வாங்கிக்கொண்டு பூனையை வைத்துக்கொள்கிற போர்டிங்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமாகத்தான் வைத்திருப்பார்கள், வேளைக்குச் சாப்பாடும் போடுவார்கள். ஆனால் நாய்க்கு ஆள் முக்கியம், பூனைக்கு இடம் முக்கியம். தன் சோபா, தன் ஜன்னல், தன் மணல் தட்டு எல்லாம் வேண்டும். கூண்டில் விட்டால் மூலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சாப்பிடவே சாப்பிடாது. அப்படியே பட்டினி கிடந்தால் கல்லீரல் கெட்டுவிடும்.

இதைத்தான் அந்தத் தம்பதியிடமும் சொன்னேன். உங்களுக்கு இது தேவையில்லாத பேச்சாகத் தோன்றலாம், சார். அந்த வீட்டுக்குள் நான் எப்படி வந்தேன் என்று நீங்கள்தானே கேட்டீர்கள்.

அவர்கள் சும்மா முடிவு செய்யவில்லை. ஊரில் இருக்கிற போர்டிங் எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்தார்களாம். ஒன்றில் வெளிச்சம் போதாது, ஒன்றில் பக்கத்திலேயே நாய் குரைக்கிறது. இன்னொன்றில் கூண்டைப் பார்த்ததும் அந்த அம்மா அழுதுவிட்டார்களாம். அப்புறம்தான் வீட்டுக்கே வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிற ஆளைத் தேடி என்னிடம் வந்தார்கள். பெண் கொடுக்கப்போகிற வீட்டை விசாரிப்பது மாதிரி என்னை விசாரித்தார்கள். நான் சத்தமாகப் பேசுவேனா, வாசனைத் தைலம் பூசுவேனா, பயந்த பூனையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுப்பேனா என்றெல்லாம் கேட்டார்கள். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் என்று நினைத்தேன்.

பூனைகள் இரண்டு. மிட்டாய் ஆரஞ்சு நிறம், எல்லோர் மடியிலும் ஏறுவாள், வாய் ஓயாது. கரி கறுப்பு, நிழலைப் பார்த்தாலே ஓடுவான். வீட்டுக்காரர் என்னை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எந்தத் திரைச்சீலைக் கயிற்றைக் கட்டி வைக்க வேண்டும், கரி எந்த அலமாரிக்கு மேல் ஒளிவான், அவனுக்காகத் துவைக்காமல் விட்டுப்போகும் சட்டையை எங்கே விரிக்க வேண்டும் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கைத்தடி.

"அது அப்பா. அவர் பாட்டுக்கு இருப்பார். உங்களுக்குத் தொந்தரவே இருக்காது" என்றார் வீட்டுக்காரர், நடந்துகொண்டே.

பெரியவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். சமைக்கிற அம்மா வருவார்களா என்று கேட்டேன். அவர்களுக்கு லீவு கொடுத்துவிட்டார்களாம். அந்த அம்மா பாத்திரத்தைப் போட்டு உருட்டுகிற சத்தத்தில் கரி மிரளுவானாம். நானும் புதுசு, அவர்களும் வந்துபோனால் அவன் வெளியிலேயே வரமாட்டானாம். அப்பாவுக்கு டப்பா டப்பாவாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறது, அவரே சூடு பண்ணிக்கொள்வார் என்றார்கள். என் தொழிலில் இது சரியான யோசனைதான். ஒரு பூனைக்காக வீட்டை அமைதியாக வைப்பவர்கள் குறைவு. இருந்தாலும் அன்றைக்கே அந்த ஆளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சூடு பண்ணிச் சாப்பிட்டார். மிட்டாயிடம் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவார். மகனைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. அவன் சின்ன வயதிலிருந்தே வாயில்லா ஜீவன்களிடம் ரொம்ப இரக்கம் உள்ளவன் என்று பெருமையாகச் சொன்னார்.

அப்புறம் இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மிட்டாய் ஜன்னல் வெயிலை விட்டுவிட்டு அவர் நெஞ்சின்மேல் போய்ப் படுத்துக்கொண்டாள். வீட்டிலேயே சூடான இடத்தைப் பூனை கண்டுபிடித்துவிடும்.

தினமும் ஒரு படம் எடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். பூனை உயிரோடு நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அன்றைக்குப் பெரியவர் முகமும் தெரியும்படி எடுத்தேன். வாய் திறந்திருந்தது, உதடு வெடித்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது. கண் இருக்கிற யாருக்கும் தெரிந்திருக்கும். "உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல்" என்று எழுதியிருக்கலாம்தான். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. மகன் கண்ணில் படுகிறதா என்று பார்க்க நினைத்தேன். நான் தகவல் தெரிவிக்கவில்லை என்று சொல்கிறீர்களே, அந்தப் படம் தகவல் இல்லையா?

பதில் உடனே வந்தது. "செல்லக்குட்டி. கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுதே, சாப்பிடறாளா?"

மறுநாளும் அதே மாதிரிதான் எடுத்தேன். இந்த முறை கட்டிலுக்குப் பக்கத்தில் பெரியவர் தொடாமல் வைத்த தட்டும் விழுந்தது. மகன் எழுதினார்: "அப்பா தட்டுல வாய் வெக்கறாளா? உப்பு ஆகாது அவளுக்கு. அப்பா ரூம் கதவைச் சாத்தியே வைங்க ப்ளீஸ்."

அதை நின்றபடியே படித்தேன். எனக்குக் கத்தத் தெரியாது, சார். கோபம் வந்தால் எனக்குக் கை சுத்தமாக வேலை செய்யும். மணல் தட்டைக் கழுவினேன், புதுத் தண்ணீர் வைத்தேன், கரிக்கு ரோமம் வாரிவிட்டேன். அப்புறம் மிட்டாயைத் தூக்கிக்கொண்டு வரப் பெரியவர் அறைக்குப் போனேன்.

"டாக்டர் யாரையாவது கூப்பிடும்மா. மூச்சு விட முடியல" என்றார். நான் கைபேசியைக் கையில்தான் வைத்திருந்தேன். அதற்குள் அவரே சொன்னார், "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத. பாவம், எப்பவாவதுதான் வெளிய போறான். நிம்மதியா இருந்துட்டு வரட்டும்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவர்தான் அவனை இப்படி வளர்த்து வைத்திருக்கிறார் என்று தோன்றியது. மகனிடம் வந்த எரிச்சலில் பாதி அந்த நிமிஷம் இவர் பக்கம் திரும்பிவிட்டது. மிட்டாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மிட்டாய்க்குக் கைப்பிடியில் தொங்கிக் கதவைத் திறக்கத் தெரியும். அதனால் வெளித் தாழ்ப்பாளையும் போட்டேன்.

எனக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். மகன் ஒரே ஒரு தடவை, ஒப்புக்காகவாவது, "அப்பா எப்படி இருக்கார்" என்று கேட்கட்டும். அந்த நிமிஷமே கதவைத் திறந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன். இது நியாயமான ஏற்பாடு. அந்த உயிர் அவர் கையில் இருந்தது, என் கையில் இல்லை. நான் பூனைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள்.

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். அது அநியாயம். அறைக்குள்ளேயே குளியலறை இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. அவர் தட்டினார், அதை நான் மறைக்கவில்லை. பலமாகத் தட்டவில்லை. கடன் கேட்க வந்தவர் மாதிரித் தயங்கித் தயங்கித் தட்டினார். மிட்டாய் கதவருகில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தாள். அது அவளுக்கு நல்லதில்லை என்று சமையலறைப் பக்கம் கொண்டுபோய் விளையாட்டுக் காட்டினேன். நான் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். பதிலும் வந்துகொண்டிருந்தது. கரியின் கண்ணில் பீளை இருக்கிறதா, மிட்டாய் அவர்களைத் தேடுகிறாளா என்றுதான் கேள்வி. ஒவ்வொன்றையும் படிக்கும்போது என் பிடிவாதம் இன்னும் கொஞ்சம் இறுகியது.

அவர்கள் திரும்பி வந்தபோது வாசலிலேயே உட்கார்ந்து பூனைகளைக் கொஞ்சினார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, போர்டிங்கில் விட்டிருந்தால் இப்படி இருந்திருக்குமா என்று கண் கலங்கினார். பெட்டியை எல்லாம் உள்ளே வைத்துவிட்டு அப்புறம்தான் மகன் அப்பா அறைத் தாழ்ப்பாளைத் திறந்தார். பெரியவர் கதவுக்குப் பக்கத்தில் தரையில் செத்துக் கிடந்தார். மகன் கத்திய கத்தலைக் கேட்டுக் கரி அலமாரிக்கு மேல் ஏறிவிட்டான். நான் அவனைப் பார்க்கப் போனேன்.

அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். மகன் சொன்னது உண்மைதான். பெரியவருடைய ஃபோன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் மதியம் அது அடித்தது. திரையில் மகன் படம் வந்தது. உள்ளேயிருந்து பெரியவர், "அவன்தான்மா, அவன்தான். எடுத்துக் குடும்மா" என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

மிட்டாய் என் மடியில் இருந்தாள். மணி அடித்து ஓயும்வரை அவளைத் தடவிக்கொண்டிருந்தேன். உடனே என் ஃபோனுக்கு மகனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அப்பா ஃபோன் எடுக்கல. நல்லா இருக்காரா?"

அத்தனை நாள் கழித்துக் கேட்கிறார். இப்போது திறந்தால் அவரை நல்ல மகன் என்று நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "தூங்குகிறார்" என்று எழுதிவிட்டு, மிட்டாயின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

அந்த ஆளுக்கு அப்பாமேல் அக்கறை கிடையாது, சார். அதை நான் நிரூபித்திருக்கிறேன்.