ஆயிரத்து நூற்றுப் பதினைந்தாம் நாள்

காலையில் கண் விழித்ததும் கைபேசியைத் தேடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பல் துலக்குவேன், கோழிக்கூண்டைத் திறந்து விடுவேன், அம்மா குளிக்க வெந்நீர் போடுவேன். பிறகு வேலைக்குப் போய்விடுவேன். எங்கள் பட்டறையில் மலைப்பப்பாளியைத் தோல் சீவி, சர்க்கரைப் பாகில் போட்டுப் புட்டியில் அடைப்போம். கை முழுக்கப் பால் ஒட்டும், போனைத் தொட முடியாது. பத்து மணிக்கு இடைவேளை விடுவார்கள். அப்போதுதான் கை கழுவிக்கொண்டு வந்து எடுப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேடம், நேற்று உங்கள் ஆள் ஒருவர் என்னைப் போன் பைத்தியம் என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் தன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நீங்கள் இந்தச் செயலியைப் பயன்படுத்துவதில்லை என்று சொன்னீர்கள். அதனால் விளக்கிவிடுகிறேன். இரண்டு பேர் தினமும் ஆளுக்கு ஒரு படமாவது மற்றவருக்கு அனுப்ப வேண்டும். எந்தப் படமாக இருந்தாலும் சரி. அப்படி விடாமல் செய்தால் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தீ எரியும், அதன் பக்கத்தில் எத்தனை நாள் என்று எண் வரும். இருபத்துநான்கு மணி நேரம் முடியப் போகிறது என்றால் மணல்கடிகாரம் ஒன்று தோன்றும். அதற்குள் அனுப்பிவிட வேண்டும். இருவரில் ஒருவர் மறந்தாலும் தீ அணைந்துவிடும், எண்ணும் போய்விடும். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் எல்லாரும் இதைத் தீ என்றுதான் சொல்வோம். "உனக்கும் அவளுக்கும் எவ்வளவு தீ?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொள்வோம்.

என் தோழி அங்குனும் நானும் பதினோராம் வகுப்பில் தொடங்கினோம். ஒரே பெஞ்ச். பள்ளி முடிந்ததும் அவள் செமாராங் நகரத்துக்குக் கல்லூரியில் படிக்கப் போனாள், நான் பட்டறைக்குப் போனேன். ஆனால் தீ நிற்கவில்லை. அவள் அறையின் கூரை, மாடிப்படி, சாப்பிட்ட தட்டு, பாதி முகம். நான் பப்பாளித் தோல், கோழி, எங்கள் வாசலில் இறங்கும் பனி. மூன்று வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட ஊசி குத்திய கையைப் படம் எடுத்து அனுப்பினேன்.

செமாராங்குக்குப் போன பிறகு அவளுக்குப் பதினொரு தீ ஆகிவிட்டது. எனக்கு எப்போதும் ஒன்றுதான். இதில் பொறாமை எதுவும் இல்லை. அவளுக்குத் தேர்வு வரும்போதெல்லாம் அவளுடைய கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு அந்தப் பதினொன்றையும் நான்தான் அணையாமல் பார்த்துக்கொண்டேன். அவளுடைய கல்லூரித் தோழிகள் யாருக்கும் அது தெரியாது. எங்கள் பட்டறைச் சுவரை அவளுடைய விடுதிச் சுவர் என்று நினைத்துக்கொண்டு பதிலுக்கு அவர்கள் சுவரை அனுப்புவார்கள்.

பதினொன்றில் ஒன்று அவளுடைய அம்மாவோடு. புர்வந்தி சின்னம்மா ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெரியவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைக்க வேண்டும். வேலை நேரத்தில் போன் பேசக்கூடாது, ஞாயிறு மட்டும் விடுமுறை. அதனால் அங்குன்தான் அவருக்கு இந்தச் செயலியைக் கற்றுக்கொடுத்தாள். "தெனம் ஒரு படம் வந்துட்டாப் போதும்டி, எம் பொண்ணு நல்லா இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன். மத்தத ஞாயித்துக்கெழமை பேசிக்கலாம்" என்று சின்னம்மா சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

திங்கட்கிழமை அங்குன் பேருந்து ஏறி எங்கள் ஊருக்கு வந்தாள். விடுமுறை விட்டிருந்தார்கள், விடுதியில் அவளைத் தேட யாரும் இல்லை. அம்மா ஹாங்காங் போன பிறகு ஊரிலும் அவளுக்கு யாரும் இல்லை. நான் பட்டறையில் லீவு சொன்னேன். சிகெம்பங் குன்றுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன், அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பள்ளிக் காலத்தில் போவோம். உருளைக்கிழங்குத் தோட்டங்களைத் தாண்டி ஒரு மணி நேரம் ஏற வேண்டும். இப்போது அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. எல்லாரும் சாலை போட்ட குன்றுக்கே போகிறார்கள்.

உச்சியில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"ஏய், நான் இந்தத் தீயெல்லாம் விட்றப் போறேன்டி."

"எதெல்லாம்?"

"எல்லாத்தையும். அம்மாவோடத மட்டும் வெச்சுக்கறேன். மத்ததெல்லாம் சும்மா பாத்திரம் கழுவற மாதிரி ஆயிருச்சு. எழுந்தாப் படம், படுத்தாப் படம்."

"என்னோடதுமா?"

அவள் சிரித்தாள். "உன்னோடதுந்தான். நம்ம என்னத்தடி பேசிக்கறோம்? நீ தரைய அனுப்பற, நான் கூரைய அனுப்பறேன். கடைசியா எப்போ போன்ல பேசினோம், சொல்லு பாப்போம்."

எனக்கு நினைவில்லை. அதைச் சொல்லவும் செய்தேன்.

"பாத்தியா? இனிமே வாரத்துக்கு ஒரு தடவ ஒழுங்காப் பேசலாம். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத, தியாஸ். எங்க, என்னை ஒரு போட்டோ எடு, அம்மாவுக்கு அனுப்பணும்."

போனைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு விளிம்புப் பக்கம் போய் நின்றாள். நான் தள்ளவில்லை. இதை மூன்று முறை கேட்டீர்கள், மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். எங்களுக்கு நடுவில் ஏழெட்டு அடி இருந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது, அவள் நின்ற மண் அப்படியே சரிந்தது. அவ்வளவுதான்.

ஆழம் அதிகமில்லை, ஒரு தென்னை உயரம் இருக்கும். புதர் இருந்ததால் அவளைப் பார்க்க முடியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கால் முறிந்துவிட்டது என்றாள். எலும்பு வெளியே தெரிகிறது என்றாள். அழுதாள், ஆனால் தெளிவாகப் பேசினாள். "இங்க சிக்னல் இல்ல. கீழ எறங்கிப் போய் ஆளக் கூப்பிடு. மெதுவாப் போ, நீயும் விழுந்துராத" என்றாள். நான் விழுந்துவிடக் கூடாது என்று அவளுக்கு அப்போதும் இருந்தது. எங்கள் நட்பு எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

இறங்கினேன். தோட்டத்தின் ஓரத்தில் தேம்பே சோயாத் துண்டுகள் வறுக்கிற கடை இருக்கிறது, அங்கேதான் சிக்னல் வரும். என் கையில் அவளுடைய போன் இருந்தது. சிக்னல் வந்ததும் அது அதிர்ந்தது. பதினொரு பெயருக்கும் நேராக மணல்கடிகாரம். என் பெயரிலும் இருந்தது. காலையிலிருந்து அவள் யாருக்கும் அனுப்பவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பேருந்தில் வரும்போதே முடிவெடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

முதலில் இதை முடித்துவிட்டு ஆளைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அரை நிமிட வேலை. கடைப் பெஞ்சைப் படம் எடுத்துப் பதினொரு பேருக்கும் அனுப்பினேன். என் போனிலிருந்து அவளுக்கும் ஒன்று அனுப்பினேன். எண் ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று ஆனது. எனக்கு மூச்சு சீராக வந்தது. கடைக்கார அக்கா, "தனியாவா வந்தே? சூடா இருக்கு, சாப்பிடறியா?" என்று கேட்டார். இரண்டு தேம்பே வாங்கித் தின்றேன்.

தின்றுகொண்டே யோசித்தேன். ஆட்கள் போவார்கள், தூக்கி வருவார்கள், ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவார்கள். அவள் கண் விழித்ததும் போனைக் கேட்பாள். கேட்டு வாங்கி, சொன்னபடியே செய்வாள். சொன்னதைச் செய்கிற பெண் அவள். போன் என்னிடம் இருக்கிற வரைக்கும்தான் தீ இருக்கும். இதை நான் கெட்ட எண்ணத்தில் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். கடைக்கார அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நானும் வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். பத்து மணி இடைவேளையில் அவளுடைய பதினொன்றையும் என்னுடைய ஒன்றையும் அனுப்பினேன். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒரு நாள் தாமதத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. புதன்கிழமை அது இரண்டு நாள் தாமதம் ஆகிவிட்டது. வியாழக்கிழமை மூன்று. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. இது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. ஒருத்தி கொட்டாவி விடுகிற பொம்மையை அனுப்பினாள். இன்னொருத்தி தன் பூனையை அனுப்பினாள். பத்துப் பேர், மேடம், ஆறு நாள். ஒருவராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா வீடியோவில் கூப்பிட்டார். எடுக்க முடியாதல்லவா, மணி அடித்து ஓய்ந்தது. பதினான்கு முறை. நடுவில் ஒரு தலையணையைப் படம் எடுத்து அனுப்பினேன், தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. கொஞ்ச நேரத்தில் என் போனுக்குக் கூப்பிட்டார்.

"தியாஸ், அங்குன் ஒங்கிட்டப் பேசினாளா?"

"பேசினா சின்னம்மா. நல்லாத்தான் இருக்கா."

"போன எடுக்க மாட்டேங்கறா. ஆனா படம் மட்டும் வருது. எங்கிட்ட ஏதாவது கோவமா?"

"அதெல்லாம் இல்ல. படிப்பு ஜாஸ்தி."

"லீவுல என்னடி படிப்பு?"

பூங்காவில் உட்கார்ந்திருந்தார் போல, பின்னால் நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது. அப்போது அலமாரியில் துணிக்கு அடியில் இருந்த அங்குனின் போன் அடித்தது. அவளுடைய அழைப்புமணி அவளே விசிலடித்துப் பதிவு செய்தது. யாரிடமும் அது இருக்காது. எழுந்து போய் நிறுத்துவதற்குள் நான்கு முறை அடித்துவிட்டது.

"தோழி போன்லேருந்து கூப்பிட்டுப் பாத்தேன்" என்றார் சின்னம்மா. குரல் மாறவே இல்லை. "அந்த மணி ஒன் வீட்லதான் அடிக்குது."

"அவ இங்க வந்தா, சின்னம்மா. போன விட்டுட்டுப் போயிட்டா."

"அப்போ படம் யாரு அனுப்பறா?"

நான் போனை வைத்துவிட்டேன். சின்னம்மா உடனே ஊர்த்தலைவரைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் உங்கள் போலீஸ்காரர்கள் இருவரோடு வந்தபோது எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் மூன்று மணி. நான் ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. குன்றுக்கு நானே முன்னால் நடந்து வழி காட்டினேன். இதைப் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வியாழக்கிழமை வரை உயிரோடு இருந்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் அதிர்ச்சி அடைவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. புதன்கிழமை வேலை முடிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்று நான் திரும்பக் குன்றுக்குப் போனேன். பையில் ரொட்டியும் தண்ணீரும் என்னுடைய கம்பளி ஸ்வெட்டரும் வைத்திருந்தேன். யாரும் சொல்லிப் போகவில்லை, நானாகத்தான் போனேன். மூன்று மணிக்கு மேல் பனி இறங்கிவிட்டது, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. விளிம்பு வரைக்கும் மெதுவாகப் போய் உட்கார்ந்தேன். என் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"யாரு?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தியாஸா?" என்றாள்.

குரல் கரகரப்பாக இருந்தது, ஆனால் அவள் குரல்தான். பையைத் திறந்தேன். போட்டுவிடலாம் என்று ரொட்டியைக் கையில்கூட எடுத்தேன். ஆனால் போட்டால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் பின்னால் ஆட்கள் வருவார்கள் என்று காத்திருப்பாள். வராத ஆட்களுக்காக ஒருத்தியைக் காத்திருக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ரொட்டியைத் திரும்பப் பையில் வைத்தேன்.

பனி அழகாக இருந்தது. அவளுடைய போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். கீழே இறங்கிக் கடை வந்ததும் பதினொரு பேருக்கும் அனுப்பினேன். பட்டறைச் சுவரைவிட அது நன்றாக இருந்தது, நான்கு பேர் இதயம் போட்டார்கள். சின்னம்மா மட்டும் எழுதியிருந்தார்: "எந்த மலைக்குப் போயிருக்கே கண்ணு? ரொம்ப நல்லா இருக்கு. குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கோ."

அங்குனின் பெயரில் அவருக்கு ஒரு இதயம் அனுப்பினேன். என் போனில் எண் ஆயிரத்து நூற்றுப் பதினைந்து ஆகியிருந்தது.

நான் குன்றின் மேல் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று கேட்கிறீர்கள். ஒரு மணி நேரம் இருக்கும். அவ்வளவு நேரமும் அவள் என் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், மேடம். அம்மாவைக் கூப்பிடவில்லை, கல்லூரித் தோழிகளைக் கூப்பிடவில்லை. மூன்று வருடத்தில் அவள் ஒரே நாளில் என்னை அத்தனை முறை கூப்பிட்டதே இல்லை. எங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவள் சொன்னது வெறும் பேச்சு என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று.